அவர் ஓடிய பக்கம்

பேக்கரியில் கேக் அலங்கரிக்கிறவள் அவள். மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கத் தொடங்கியதிலிருந்து இடது முழங்கால் வலி உயிரை வாங்கியது. ஐஸ் வைத்தாள், பேண்டேஜ் சுற்றினாள், எதற்கும் அடங்கவில்லை.

பிசியோதெரபிஸ்ட் அவள் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். "ரோட்டோரச் சரிவுலயே ஓடுறீங்களாம்மா? நடுவுலதான் சமமா இருக்கு. அங்க ஓடுங்க, வலி போயிடும்."

முன்பெல்லாம் இருவரும் சேர்ந்துதான் ஓடுவார்கள். வண்டி கிண்டி இடித்துவிடப் போகிறதென்று அவளை ஓரத்தில் விட்டு, நடுப்பக்கமாக ஓடியவர் அவள் புருஷன். அவர் போய் ஒரு வருஷமாகிறது.

மறுநாள் காலை, வண்டியே இல்லாத ரோட்டில் நடுவுக்கு நகர்ந்து ஓடினாள். கொஞ்ச தூரத்திலேயே வலி விட்டது. கூடவே, இத்தனை நாளாய்ப் பக்கத்தில் கேட்டுவந்த காலடிச் சத்தமும் நின்றது.

"வலிச்சா வலிச்சுட்டுப் போகுது" என்று ஓரத்துக்கே திரும்பினாள்.