வசந்தா பெயரை அழித்த ஸ்ரீதர்

ஸ்ரீதர் போய்விட்டான். ஹார்ட் அட்டாக்காம். காலையில் என் மகள் வசந்தா போன் செய்து சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

எனக்கு அப்போது அழுகை வரவில்லை. அவன் மேல் எனக்குள்ள கோபம் இங்கே பலருக்கும் தெரியும். மதியம் சோற்றில் கை வைத்தபோதுதான் வந்தது...

நாங்கள் நீலசந்திராவில் இருந்த காலம். வசந்தாவுக்கு முதல் வேலை அவனிடம்தான். காக்ஸ் டவுனில் ஒரு வீட்டு மாடியில் ஆபீஸ். அவனையும் சேர்த்து அஞ்சாறு பேர்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் என் கொழுந்தன் முந்திக்கொள்வான். "டைப்பிங்தான், வேற என்ன?" அதையும் நான் மறக்கவில்லை.

டைப்பிங் இல்லை. பல பேர் சேர்ந்து ஒரே புரோகிராமை எழுதும்போது, யார் எதை மாற்றினார்கள் என்று பேரோடு வைத்துக்கொள்ளும் ஒரு டூலைச் செய்துகொண்டிருந்தார்கள். தெருக்குழாய் மாதிரி எல்லாருக்கும் ஒரே இடம் கிடையாது. வீட்டுக்கு வீடு தொட்டி நிறையத் தண்ணீர் இருப்பது மாதிரி, ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் எல்லா மாற்றமும் ஆரம்பத்திலிருந்து முழுசாக இருக்கும்.

ஸ்ரீதர்தான் எனக்கு அப்படிச் சொல்லிப் புரியவைத்தான். நான் படித்தது நாலாம் கிளாஸ்.

அந்த டூலைச் செய்கிற வேலையையும் அதே டூலில்தான் வைத்திருந்தார்கள்.

வசந்தாவுக்கு வந்தது மெர்ஜ், அதாவது சேர்க்கிற வேலை. இரண்டு பேர் ஒரே இடத்தை மாற்றினால், ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் எழுதியது விழுங்கிவிடக் கூடாது. தப்பாகும், திருத்துவாள், மறுபடி தப்பாகும். அந்த மழைக்காலம் முழுக்க வீட்டில் அதே பேச்சு. சரியாக வந்த அன்று ஸ்ரீதர் பேக்கரியிலிருந்து தில்பசந்த் வாங்கிக் கொடுத்தனுப்பினான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிறகு, பணம் போடுவதாகச் சொன்ன வெளியாட்களுக்குக் காட்டுகிற நேரம் வந்தது. பழைய தப்பெல்லாம் அவர்கள் கண்ணில் படக் கூடாதாம்... எல்லாருடைய மாற்றங்களையும் சுருட்டி ஒரே மாற்றமாக்கிவிட்டான். செய்தது அவன் மெஷினில். அதனால் அவன் பெயர் மட்டும்.

"பழசை டெலிட் பண்ணிட்டு இதை எடுத்துக்குங்க" என்று எல்லாருக்கும் மெயில். இவளும் அப்படியே செய்துவிட்டு, பிறகுதான் பார்த்திருக்கிறாள். அவள் பெயர் எங்கேயும் இல்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "சித்தப்பா சொன்னது சரிதாம்மா. டைப்பிங்தான்" என்றாள்.

மறுநாள் நானே அவளோடு போனேன்.

"ஸ்ரீதர் சார், என் பொண்ணு பேரு எங்க?"

"அம்மா, அவங்க வொர்க் அப்படியே இருக்கும்மா. பேருதானே... க்ளீனா இருக்கட்டும்னு பண்ணேன்."

"தினம் அவ டப்பாலேர்ந்து இட்லி எடுத்துத் துன்றியே. அது உங்கம்மா சுட்டதுன்னு சொல்லுவியா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "பழசு யார்கிட்டயும் இல்லம்மா. எல்லாரையும் நானே டெலிட் பண்ணச் சொல்லிட்டேன்" என்றான்.

வசந்தாதான் கேட்டாள். "சார்... இம்ரான்?"

இம்ரானும் அங்கே வேலை செய்தவன்தான். மஞ்சள் காமாலையோடு ஜீவனஹள்ளியில் வீட்டோடு கிடந்தான். வீட்டு கம்ப்யூட்டரில் அவன் பழசை வைத்திருக்கலாம்.

ஸ்ரீதர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தான். வசந்தா பின்னால் ஏறிக்கொண்டாள். நான் ஆபீஸ் படியில் உட்கார்ந்துவிட்டேன். பேர் வராமல் எழுந்திருப்பதாக இல்லை.

அங்கே நடந்தது வசந்தா சொன்னது. இம்ரான் கட்டிலிலிருந்தே பயந்துபோய், "சாரி சார், உங்க மெயிலு நான் பாக்கவே இல்ல" என்றானாம்.

"பாக்காததே நல்லது குரு, நீ படு" என்று ஸ்ரீதர் தரையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறான். இருந்தது! தப்பு, திருத்தம், மறுபடி தப்பு... எல்லாம் வரிசையாக, வசந்தா வசந்தா என்று.

சுருட்டி வைத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, இம்ரானிடம் இருந்த பழசையே எல்லாருக்கும் கொடுத்தான். வெளியாட்களுக்குக் காட்டுவது தள்ளிப்போனது. அவர்கள் காத்திருக்கவில்லை. கொஞ்ச நாளில் ஆபீஸையும் மூடினான். அதனால்தான் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

டூலை மட்டும் விடவில்லை. வேறு கம்பெனிக்குப் போய்க்கொண்டே அவனும் வசந்தாவும் இன்னும் யார் யாரோவும், ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, அதைச் சரிசெய்துகொண்டே இருந்தார்கள்.

ஆனால் அவளிடம் ஒரு சாரி... கிடையாது. கல்யாணத்துக்கு வந்தான். பந்தியில் நானே பரிமாறினேன். "பாயசம் நல்லா இருக்கும்மா" என்றான். அதற்கு மட்டும் வாய் இருந்தது.

சாயங்காலம் வசந்தா மறுபடி போன் செய்தாள். போன வாரம்கூட அந்த டூலுக்கு ஏதோ எழுதி அனுப்பியிருந்தானாம். இவள்தான் பார்த்துச் சேர்க்க வேண்டும். அதில் ஒரு தப்பு இருந்ததாம். திருத்தித் தரச் சொல்லி எழுதியிருக்கிறாள். பதில் வரவில்லை.

"இப்ப என்னடி பண்ணப் போற?"

"சேர்த்துட்டேம்மா. அவர் எழுதினது அவர் பேர்ல, தப்போட அப்படியே. நான் திருத்தினது தனியா, என் பேர்ல."

ஸ்ரீதர்... எனக்குக் கோபம் போகவில்லை. இந்த வயதில் நீ போயிருக்கவும் வேண்டாம்.

பார்த்துப் போப்பா.