மேசை டிராயரில் பன்னிரண்டு நாள்

ஜெஞ்சாரோம் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் கடிதங்கள் வீட்டுக்கு வராது. ஆபீசுக்கு வரும். ஆபீஸ் குமாஸ்தா கிராணி அவற்றை டிராயரில் போட்டு வைத்து, சம்பள நாளன்று கூப்பிட்டுக் கொடுப்பார்.

இன்று சம்பளம். மகள் கோகிலாவுக்கு யூனிவர்சிட்டிக் கடிதம். நேர்முகத் தேர்வு நாளைக் காலை எட்டு மணிக்குக் கோலாலம்பூரில். தபால் முத்திரையோ பன்னிரண்டு நாள் பழசு!

நான் பள்ளியில் மூன்றாம் பாரத்தோடு நின்றவன். லோரியை ரிவர்ஸ் எடுப்பதைத் தவிர வேறு வித்தை தெரியாது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"என்னங்க கிராணி, இதையுமா டிராயர்ல போடுவீங்க?"

"எல்லார் லெட்டரும் அப்படித்தான்லா. உனக்கு மட்டும் தனியா கொண்டாந்து தரணுமா?"

"உங்க மகன் லெட்டரும் இப்படித்தான் கிடந்துச்சா?"

"அவனுக்கு பங்சார்ல மச்சான் வீட்டு அட்ரஸ் கொடுத்தேன். உனக்கு வெவரம் பத்தல."

வெவரம் பத்தலையாம்! ஆறாம் பாரத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய்ப் படித்த பிள்ளை. இந்தப் பன்னிரண்டு நாளும் அந்த ஆபீசைத் தாண்டித்தான் நடந்தாள். "நமக்குக் கிடைக்கலப்பா" என்று நேற்று பேக்டரி வேலைக்கு மனுவும் எழுதிவிட்டாள்.

எங்கள் முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதுக்குத்தான் போய்ச் சேரலாம். அதனால் இன்றே கிளம்பிவிட்டோம். வழியில் கிள்ளானில் ஒரு இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து இதை ஒற்றை விரலால் தட்டுகிறேன். கோகிலா பக்கத்தில் நின்று பிழை திருத்துகிறாள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரர்களே, இன்று இரவு தங்க இடம் தருவீர்களா? அவளுக்கு ஒரு பாயும் இஸ்திரிப் பெட்டியும் போதும். எனக்கு வாசலே போதும். என் குறட்டைக்கு அதுவே உங்களுக்கும் நல்லது.