அண்ணி அடித்த பெயிண்ட்

படகுப் பட்டறையில் அடிப்பாகத்துக்குப் பெயிண்ட் அடிப்பது அவள்தான். தூக்கி நிறுத்திய படகுகளின் வயிற்றுக்கடியில் பதினாறு வருஷம் மல்லாந்து கிடந்து சுரண்டியதில் வலது தோள் கொஞ்சம் தூக்கிக்கொண்டது. வாயும் கொஞ்சம் கூர்தான். பட்டறையில் அவளுக்கு 'உப்புத்தாள்' என்று பட்டப்பெயர். காதுபடவே சொல்வார்கள்.

அவள் கொழுந்தன் அக்கரைக்கு ஆள் ஏற்றிப்போகும் படகு வைத்திருந்தான். "அந்தப் பெயிண்ட் நாத்தத்தையா வீட்டுக்குள்ள கூட்டிட்டு வரப் போற?" என்று கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனைக் கேட்டவன். அது அவள் காதுக்கு வந்த நாளிலிருந்து இருவருக்கும் ஏழாம் பொருத்தம். நேருக்கு நேர் பேச்சில்லை. ஆனால் படகு மட்டும் வருஷா வருஷம் அவளிடம்தான் வரும். அவளைப்போல அடிக்க வேறு ஆள் கிடையாது.

அந்த வருஷம் புருஷனிடம் சொல்லி அனுப்பினாள்: "தினமும் ஓடுற படகு, கரையிற பெயிண்ட்தான் சரி. மேல்தோல் கொஞ்சம் கொஞ்சமா கரையக் கரைய, உள்ள இருக்கிற மருந்து வெளிய வரும். பாசியும் ஒட்டாது, ஓடு கட்டி அப்பிக்கிற கொட்டலசும் ஒட்டாது. ஆனா பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க." முதல் கோட்டு கறுப்பு, அதன்மேல் இரண்டு கோட்டு சிவப்பு அடித்தாள். கறுப்பு தெரிந்தால் பெயிண்ட் தீர்ந்தது என்று அர்த்தம்.

ஐந்தே மாதத்தில் படகைச் சுற்றிலும் கொட்டலசு, சுண்ணாம்புக் கட்டி மாதிரி. கொழுந்தன் பட்டறை நடுவில் வந்து நின்று மேஸ்திரியிடம் உரக்கச் சொன்னான்.

"மேடம் தின்னரை ஊத்தி நல்லா நீட்டிட்டாங்க போல. மிச்ச டின் எங்க போச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க."

யாரோ டிரில்லை அணைத்தார்கள். அவள் அவனைப் பார்க்காமல் மேஸ்திரியிடம், "படகைத் தூக்குங்க" என்றாள்.

தூக்கினார்கள். தண்ணீர்க் கோட்டிலிருந்து ஒரு கை நீளத்துக்கு வரிவரியாகக் கறுப்பு தெரிந்தது. கொட்டலசெல்லாம் அங்கேதான். அதற்குக் கீழே சிவப்பு அப்படியே இருந்தது.

"திருடினவ மேல மட்டும் திருடிட்டு, கீழ விட்டுட்டாளா?" என்று மேஸ்திரியைக் கேட்டாள். "இது கை எட்டுற உயரம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சிருக்கு."

"அழுக்கா இருந்தா தேய்க்க மாட்டாங்களா?" என்றான் கொழுந்தன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். பின்னால் ஒருத்தர் சிரித்துவிட்டார்.

ரோஷத்தில் வேறு பட்டறைக்குப் போய், அந்தக் கரையும் பெயிண்டின் மேலேயே கரையாத கெட்டிப் பெயிண்ட் அடித்துக்கொண்டான். அடியில் கரைகிறதன் மேல் அது நிற்காது என்று அவளுக்குத் தெரியும். அவன் அப்படி அடிக்கப் போவதை முந்தின நாளே புருஷன் சொல்லியிருந்தான். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மாதத்தில் பெயிண்ட் பாளம் பாளமாக உரிந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான் புருஷன்.

"கேட்டாரா?"

படகு திரும்பி வந்தது. பட்டறை முதலாளி சொன்னதால் ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு: பழசு மொத்தத்தையும் அவனே சுரண்ட வேண்டும். முதல் நாள் அவன் முன்னால் முகமூடியைத் தூக்கிப் போட்டாள். "போட்டுக்கோங்க. அந்தத் தூசி விஷம். நாளைக்கு இருமினா அதுக்கும் நான்தான் காரணம்பீங்க."

அவன் எடுத்துக் கட்டிக்கொண்டான். தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆறு நாள் சுரண்டினான். ஆறாம் நாள் மாலை அவள் வந்து தடவிப் பார்த்து, சுக்கான் ஓரத்தில் உள்ளங்கை அகலச் சிவப்பைக் காட்டி, "இன்னும் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். சுரண்டியை விட்டெறிந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவனே போய் எடுத்துவந்தான்.

அவள் அடித்த பெயிண்ட் அந்த முறை வருஷம் முழுக்க நின்றது. அவனோ, "என்னைச் சுரண்ட வெச்சுட்டு அவ பேரு வாங்கிக்கிட்டா" என்று டீக்கடையில் சொல்லித் திரிந்தான். அடுத்த வருஷமும் படகை அவளிடமே அனுப்பினான், ஆனால் தான் வராமல் இன்னொருத்தர் கையில் கொடுத்து.

"அவனையும் ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடலாமா?" என்று புருஷன் மெதுவாக ஆரம்பித்தான்.

"படகு வரட்டும்," என்றாள். "அவரு வர வேண்டாம்."