இரண்டாம் வெள்ளிக்கிழமைக் கூட்டங்கள்

என் தகரப் பெட்டியின் அடியில், பழைய புடவைகளுக்குக் கீழே, ஒரு நீள நோட்டு கிடக்கிறது. கறுப்பு அட்டை, முதுகில் சிவப்புத் துணி. மேலே ஒட்டிய வெள்ளைத் தாளில் 'அறிவியல் மன்றம் – நடவடிக்கைக் குறிப்பேடு' என்று எழுதியிருக்கும். எழுத்து என்னுடையது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். அச்சடித்த மாதிரி இருக்கிறதே என்று இன்றும் யாராவது சொல்வார்கள். அந்த நோட்டில் ஒரு பள்ளி ஆண்டின் பத்துக் கூட்டங்கள் விவரமாகப் பதிவாகியிருக்கின்றன. மாதாமாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை, மாலை மூன்றரை மணி. யார் தலைமை, யார் பேசினார்கள், எதைப் பற்றிப் பேசினார்கள், யார் நன்றி கூறினார்கள், எல்லாம் உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்குக் கீழேயும் மாணவர்களின் கையெழுத்து வரிசை. இந்தப் பத்தில் ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை.

நான் சேலம் டவுனில் மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவள். ஐம்பதுகளின் கடைசியில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஓர் ஊர், எட்டாம் வகுப்பு வரைக்குமான போர்டு பள்ளிக்கூடம். அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். என் வேலை நிரந்தரமாக இரண்டு ஆண்டுகள் ஆகும், அதுவரை தலைமை ஆசிரியர் எழுதும் ஒரு வரியில் என் பிழைப்பு இருந்தது. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. சாக்காகச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

தலைமை ஆசிரியரை ஊரில் பெரிய வாத்தியார் என்பார்கள். அவரை நினைத்தால் முதலில் எனக்கு வருவது மூக்குப்பொடி நாற்றம். ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்து இழுத்துவிட்டு விரலை எங்கே துடைப்பார் என்று கணக்கில்லை. வேட்டியில், மேசை விரிப்பில், வருகைப் பதிவேட்டின் ஓரத்தில், பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் சட்டைத் தோளில். பிள்ளைகள் நெளியாமல் நிற்கப் பழகியிருந்தார்கள். பேச்சு மட்டும் தேன். எல்லாரையும் சாமி என்பார். பிரம்பை எடுக்கும்போதும் கையை நீட்டு சாமி என்றுதான் சொல்வார்.

அவருடைய அறைக்கு வெளியே நான்கு தகரப் பலகைகள் தொங்கின. இலக்கிய மன்றம், அறிவியல் மன்றம், தோட்டக் கழகம், சுகாதாரக் குழு. இவற்றில் உயிரோடு இருந்தது தோட்டக் கழகம் ஒன்றுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கடைசி மணி நேரம் முழுவதும் கிணற்றில் தண்ணீர் சேந்தி ஊற்றுவார்கள். விளைந்த கத்தரிக்காய் பெரிய வாத்தியார் வீட்டுக்குப் போகும். சுகாதாரக் குழுவுக்கு ஒரு சோப்புக் கட்டி இருந்தது. பரிசோதனை நாளில் உறையைப் பிரித்து, தண்ணீர்த் தொட்டி மேல் வைப்பார்கள். இன்ஸ்பெக்டர் போனதும் மறுபடி உறையில் போட்டு பீரோவில் பூட்டிவிடுவார்கள். நான் சேர்வதற்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்பே வாங்கிய சோப்பு அது. அந்த ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு பிள்ளையின் கையிலும் அது நுரைத்ததில்லை.

அந்தப் பள்ளிக்கு ஒரு வழக்கம் இருந்தது. இன்ஸ்பெக்டர் வரும் தேதி தெரிந்ததும் மூன்று நாள் பாடம் நின்றுவிடும். எட்டாம் வகுப்புக்கு அடுத்த மாதம் பொதுத்தேர்வு என்றாலும் நிற்கும். அந்த மூன்று நாளில் ஓராண்டுக்கான மன்றக் கூட்டங்கள் எல்லாம் எழுதி முடிக்கப்படும். என் கையெழுத்தைப் பார்த்ததும் அறிவியல் மன்றம் எனக்கு வந்து சேர்ந்தது. அதில் பெரிய வாத்தியாருக்கு இருந்த கைத்தேர்ச்சியைச் சொல்ல வேண்டும். இரண்டு மாதக் கூட்டங்களை எழுதி முடித்ததும் மையை மாற்றச் சொல்வார். பழைய மாதங்களுக்கு மையில் தண்ணீர் கலக்கச் சொல்வார். "ஏனுங்க டீச்சரம்மா, பத்தும் ஒழுங்கா நடந்ததா எழுதாதீங்க. ஒண்ணை மழையினால ஒத்திப்போட்டதா எழுதுங்க. அப்பத்தான் நம்புவாங்க" என்றார். நான் அப்படியே எழுதினேன். அந்த ஆண்டு அந்தப் பக்கம் மழையே இல்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

எட்டாம் வகுப்பில் தறிக்காரர் ஒருவரின் மகள் இருந்தாள். ஒடிசலான பெண், கேள்வி கேட்காமல் இருக்க முடியாதவள். பள்ளி திறந்த புதிதில் தகரப் பலகையைக் காட்டி என்னிடம் கேட்டாள். "டீச்சர், இந்த மன்றம் எப்பங்க கூடும்? நான் மழையைப் பத்திப் பேசறனுங்க." சொல்கிறேன் என்றேன். ஆடி மாதம் கேட்டாள், ஐப்பசியில் கேட்டாள். சொல்கிறேன், சொல்கிறேன் என்றேன். அவள் தயாரித்து வைத்திருந்தாள். கெண்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து, மேலே குளிர்ந்த தட்டைப் பிடித்து, துளி சொட்டுவதைக் காட்ட வேண்டும் என்று யோசனை வைத்திருந்தாள். தை மாதம் அவளுடைய அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். பத்து நாள் கழித்து வந்தவள் அதற்குப் பிறகு மன்றத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கும். சேலத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பள்ளியில், எங்கள் கோயில் வழியாகத் தெரிந்த சிஸ்டரிடம் சொல்லி, அவளுக்கு இலவச விடுதி இடம் பேசி வைத்திருந்தேன். எட்டாம் வகுப்பில் தேற வேண்டும், நடத்தைச் சான்று நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது கிடைக்காவிட்டால் அவள் தறிக்குழியில் உட்கார வேண்டியதுதான் என்று அவளுடைய அப்பா முன்பே சொல்லிவிட்டார். கூட்டங்களை எழுதும்போது அவள் ஆசைப்பட்ட பேச்சை அவளுக்கே கொடுப்போம் என்று தோன்றியது. 'மழை எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சோதனையுடன் விளக்கினாள். அனைவரும் கைதட்டிப் பாராட்டினர்' என்று எழுதினேன். அன்புக்காகச் செய்ததாக நினைத்துக்கொண்டேன். தை மாதத்து இரண்டாம் வெள்ளியில் அதைப் போட்டேன். வருகைப் பதிவேட்டைப் பார்க்கத் தோன்றவில்லை.

கையெழுத்துப் போட பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். பக்கத்துக்கு ஒன்றாகப் பத்து இடத்தில் போட வேண்டும். அவர்களுக்கு அது விளையாட்டு. பாடம் இல்லாத சந்தோஷத்தில் சளசளவென்று பேசிக்கொண்டே போட்டார்கள். அவள் முறை வந்தது. ஏழு பக்கம் ஒன்றும் சொல்லாமல் போட்டாள். எட்டாவதில் நின்று, நான் எழுதியதை வரி வரியாகப் படித்தாள்.

"இதுல நான் போடமாட்டனுங்க டீச்சர்."

"ஏன் புள்ளே?"

"அன்னைக்கு நான் வரலீங்களே. எங்கம்மா செத்த நாளுங்க அது."

தேதியை மாற்றி எழுதிவிடலாம் என்று நான் பெரிய வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். தைத்த நோட்டு, நடுவில் தாளைக் கிழித்தால் தெரியும், அடித்து எழுதினாலும் தெரியும் என்றார். பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்தார். அவள் வராத நாளுக்கான குறியை பிளேடால் மெதுவாகச் சுரண்டினார். தூசியை ஊதிவிட்டு, வந்ததாகக் கோடு போட்டார். அம்மா பிணமாகக் கிடந்த நாளில் அவள் பள்ளிக்கூடம் வந்தவளாகிவிட்டாள். அவளைக் கூப்பிட்டார். "போட்டுரு சாமி. ஒரு கையெழுத்துத்தானே. உங்கம்மாளா எந்திரிச்சு வந்து கேக்கப் போறா?" என்றார். சொல்லிவிட்டு மூக்குப்பொடி விரலை அந்தப் பக்கத்தின் ஓரத்தில் வைத்து, போட வேண்டிய இடத்தைக் காட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் மைப்புட்டியை மூடினேன்.

அவள் போனதும் நோட்டை என் பக்கம் தள்ளினார். "மத்த பக்கத்துல புள்ள போட்டிருக்கிறா. பாத்துப் போட்டுருங்க டீச்சரம்மா, உங்களுக்குக் கை வருமுங்களே." நான் போட்டேன். அவளுடைய முதல் எழுத்தின் வளைவு கொஞ்சம் கோணலாக இருக்கும், அதையும் விடாமல் போட்டேன்.

பரிசோதனை நாளில் தோரணம் கட்டினார்கள், சோப்பைப் பிரித்து வைத்தார்கள். பிள்ளைகளுக்கு ஊற்றும் பவுடர் பால் வழக்கமாகத் தண்ணீராக இருக்கும், அன்று கெட்டியாக இருந்தது. இன்ஸ்பெக்டர் பெரிய வாத்தியார் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்போடு சாப்பிட்டுவிட்டு, பல்லைக் குத்திக்கொண்டே எட்டாம் வகுப்புக்குள் வந்தார். நோட்டைப் புரட்டினார். அவர் கை எந்தப் பக்கத்தில் நிற்கக் கூடாதோ அங்கேயே நின்றது. மழையைப் பற்றிப் பேசியது யார் என்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள். பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "உன் கையெழுத்துத்தானேம்மா?" என்றார்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வேறு யாராலும் அப்படிப் போட முடியாது என்று அவளுக்குத் தெரியும். "இல்லீங்க. இந்தக் கூட்டமே நடக்கலீங்க. அன்னைக்கு எங்கம்மா செத்துப்போச்சுங்க" என்றாள். என் பெயரைச் சொல்லவில்லை.

எல்லாம் வெளிவந்துவிட்டது, வேலை போய்விட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இன்ஸ்பெக்டர் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "அப்படியா, பாவம். உட்காரு" என்று நோட்டை மூடினார். பெரிய வாத்தியார் பக்கம் திரும்பி, "மோர் இருக்குமா சார், குழம்பு காரம் கொஞ்சம் தூக்கல்" என்றார். சாயங்காலம் பார்வையாளர் ஏட்டில், மன்றப் பணிகள் மற்றப் பள்ளிகளுக்கு எடுத்துக்காட்டு என்று எழுதிவிட்டுப் போனார். அவர் போகிற பள்ளியெல்லாம் இப்படித்தான் நோட்டு எழுதுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? எனக்குப் பெரிய வாத்தியாரைவிட அந்த மோர் கேட்ட வாயைத்தான் அறைய வேண்டும்போல் இருந்தது. அறைந்தவள் மாதிரி பேசுகிறேன். நான்தான் பெரிய வாத்தியார் வீட்டுக்குப் போய் மோர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவள் பொதுத்தேர்வில் நல்ல மார்க்கில் தேறினாள். சான்றிதழ்களை நிரப்பும் வேலையும் என்னுடையதுதான். பெரிய வாத்தியார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவளுடையது வந்ததும் பொடி டப்பியைத் தட்டினார். "நடத்தை: கீழ்ப்படிதல் இல்லை. எழுதுங்க." நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "சார், அந்தப் புள்ளைக்கு சேலத்துல..." என்று ஆரம்பித்தேன். "உங்களுதும் எழுத வேண்டியிருக்குதுங்களே டீச்சரம்மா" என்றார் சிரித்துக்கொண்டே. நான் எழுதினேன். எழுத்து துளிகூட நடுங்கவில்லை.

சிஸ்டர் அந்தச் சான்றைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். "அந்தப் பொண்ணை நல்ல பிள்ளைன்னு நீ சொன்னே, இதுல இப்படி இருக்கே, என்னம்மா விஷயம்?" என்று நேராகவே கேட்டார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு வாய்த்திருக்காது. கோயில் மணி சத்தம் கேட்கும் தூரத்தில், எனக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் எதிரில் நின்றுகொண்டு, "எனக்குத் தெரியலை சிஸ்டர்" என்றேன். அந்த இடம் வேறு பெண்ணுக்குப் போனது.

பெரிய வாத்தியார் அறுபதுகளின் நடுவில் ஓய்வு பெற்றார். மாலை, மேளம், ஊர்வலம், ஒன்றும் குறையில்லை. கண்ணாடி போட்ட வாழ்த்து மடலில் 'மாணவர்களின் மனங்களில் விளக்கேற்றிய பெருந்தகை' என்று அழகான எழுத்து. யார் எழுதியது என்று கேட்க வேண்டியதில்லை. புதியவர் வந்து பழைய ஏடுகளைக் காகிதக்காரனுக்குப் போட்டபோது இந்த நோட்டை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

பல ஆண்டுகள் கழித்து அயோத்தியாப்பட்டணத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருத்தி வந்து, "டீச்சர், சௌக்கியமுங்களா?" என்றாள். கையில் ஒரு பெண் குழந்தை. ஆத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள், அங்கேயும் தறிதான். அவளுடைய விரல் நுனிகள் சாயத்தில் ஊறி நகமெல்லாம் நீலமாக இருந்தன. குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் அப்பாவைக் கேட்டாள், என் பிள்ளைகளைக் கேட்டாள். பஸ் வரும்போது மட்டும் கேட்டாள். "அந்த நோட்டு இருக்குதுங்களா டீச்சர்? எங்கம்மா செத்த நாள்ல நான் கைதட்டு வாங்குனேன்னு போட்டிருந்துச்சே, அதை நெனச்சாத்தான் இன்னைக்கும் மனசு ஆறமாட்டேங்குதுங்க." நோட்டு அப்போது என் பெட்டியில் இருந்தது. "அதெல்லாம் அப்பவே கிழிச்சுப் போட்டாச்சும்மா" என்றேன். அவள் முகம் தெளிந்தது. நல்லதுங்க டீச்சர் என்று பஸ் ஏறினாள்.

இன்று காலை பெட்டியைத் திறந்து அந்த நோட்டை எடுத்தேன். எட்டாவது பக்கத்தின் ஓரத்தில் மூக்குப்பொடிக் கறை இன்னும் பழுப்பாக இருக்கிறது. எனக்கு இப்போது யார் நடத்தைச் சான்றும் வேண்டியதில்லை. பேனாவை எடுத்து, அவளுடைய கையெழுத்து என்று நான் போட்டதை ஒரு கோட்டால் அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: 'இவள் அன்று வரவில்லை. அன்று இவளுடைய அம்மா இறந்தாள். இந்தக் கையெழுத்தைப் போட்டவள் நான்.' கீழே என் பெயரை எழுதினேன். எழுதிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். வயதாகியும் எழுத்து கெடவில்லை. ஒவ்வொன்றும் அச்சடித்த மாதிரி, பொய் எழுதிய அன்றைக்கு இருந்த அதே அழகோடு நின்றது. பார்க்கச் சகிக்காமல் நோட்டை மூடினேன்.