மலைக்காட்டில் வெறுங்கால்

எல்லா மலைக்கும் படிக்கட்டு உண்டு என்று முப்பத்தைந்து வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். தாம்பரத்துக்காரன் வேறு எப்படி நம்புவான்? திருநீர்மலைக்குப் படி, பரங்கிமலைக்குப் படி, திருக்கழுக்குன்றத்துக்குப் படி. அங்கே ஏற முடியாதவர்களைத் தூக்கிப்போக டோலிகூட உண்டு. ஆகவே தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலத்தில், கொடைக்கானல் காட்டுக்குள் நடந்துபோய்ப் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும் என்று அக்கா சொன்னபோது, எத்தனை படி இருக்கும் என்றுதான் முதலில் கணக்குப் போட்டேன்.

அக்காவுக்குச் சிறு வயதில் போலியோ. ஒரு காலில் இரும்புப் பட்டையும் பூட்ஸுமாகத்தான் நடப்பாள். குரோம்பேட்டையில் டீச்சர். நாங்கள் மலையேறும்போதெல்லாம் அடிவாரத்தில் உட்கார்ந்தே பழகியவள்.

"அங்க பாதை சமமா இருக்குமாம்டா. இந்த ஒரு மலையிலயாவது நான் கடைசி வரைக்கும் போகணும்" என்றாள்.

நான் நம்பவில்லை. காட்டு முகப்பில் இருந்த டீக்கடைக்காரரிடம், எத்தனை படி, டோலி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"படியே கெடையாது சார். கொழந்தைய வண்டில வச்சுத் தள்ளிக்கிட்டுப் போறாங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா உள்ளே போய்விட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன், பழக்கதோஷத்தில் செருப்பைக் கடையோரம் கழற்றிவிட்டு. மலைமேல் யாராவது செருப்போடு போவார்களா? டோக்கன் வேறு கேட்டேன். தரவில்லை.

பாதை எங்கள் தெருவைவிடச் சமம். அகலமும் அதிகம், குழிகளும் குறைவு. ஆங்காங்கே சிமெண்ட் பெஞ்சு. அக்கா டக் டக்கென்று முன்னால் போக, ஈரச் சருகில் நான் பூனை மாதிரி காலெடுத்து வைத்துக்கொண்டு பின்னால் போனேன். மணிச் சத்தமில்லை, கடையில்லை, கூட்டமில்லை. அப்பேர்ப்பட்ட அமைதியை அதற்கு முன் மின்சார ரயில் ஓடாத நாளில்தான் கேட்டிருக்கிறேன்.

தற்செயலாகக் குனிந்தால், கால் விரலிடுக்கில் ரத்தம். வழிகிறது. ஆனால் வலியே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. விஷம் ஏறினால் மரத்துப்போகும் என்று எங்கேயோ படித்திருந்தேன். பெஞ்சில் சாய்ந்து, பாம்பு கடித்துவிட்டது என்று அக்காவிடம் அறிவித்தேன். மனைவிக்குச் சொல்ல வேண்டியவற்றையும் சொன்னேன். முக்கியமாக, என் ஸ்கூட்டரை அவள் தம்பிக்குக் கொடுத்துவிடக் கூடாது.

அக்கா குனிந்து பார்த்தாள். "அட்டைடா."

"அட்டைன்னா ஒட்டிக்கிட்டு இருக்காதா? எங்க காணோம்?"

"வயிறு ரொம்பியிருக்கும். விழுந்திருக்கும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உடனே திரும்பிவிடலாம் என்று கெஞ்சினேன். அந்த நேரம் பார்த்து, கீழே மரங்களுக்கு நடுவில் வெள்ளையாகப் பனி ஏற ஆரம்பித்தது. அக்கா பனியைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"பாம்பா இருந்தா, நான் திரும்பி வர்றதுக்குள்ள தெரிஞ்சிடும். பனி மூடிடுச்சுன்னா எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீ உக்காரு."

பஸ்ஸில் கொய்யாக்காய்க்குத் தந்த உப்பு மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தை என் மடியில் போட்டு, இன்னொன்று ஏறினால் தூவு என்று சொல்லிவிட்டு நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் நாக்கை நீட்டி நிறம் பார்க்க முயன்றேன். தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டார் போகிற சர்ச் மாதாவையும் விட்டுவைக்கவில்லை. அப்போதுதான் மற்ற காலில் கறுப்பாக ஒன்று, திராட்சை மாதிரி உப்பிப்போய்த் தொங்கியதைக் கண்டேன். பொட்டலம் முழுவதையும் இரண்டு கால்களிலும் கொட்டினேன். அது சுருண்டு விழுந்தது. மிளகாய்ப்பொடி கடிவாயில் இறங்கியது. பாம்புக்காகப் போடாத கூச்சலை அப்போது போட்டேன்.

அக்கா பாதையின் கடைசி வரை போனாள். பள்ளத்தாக்கு அடிவரை தெளிவாகத் தெரிந்ததாம். அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் பனி மூடியது. என்னைக் கடித்தவை இரண்டு அட்டைகள். பள்ளத்தாக்கை நான் பார்க்கவில்லை.