கறுப்பா, பழுப்பா

அந்த வெள்ளை பிளாஸ்டிக் தட்டு இன்னும் என் வீட்டுப் பரண்மேல்தான் இருக்கிறது. ஒரு மூலையில் பழுப்புக் கறை. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை, பிறகு நானும் விட்டுவிட்டேன். பழைய சாமானோடு அதைப் போடச் சொல்லி வீட்டில் வருஷா வருஷம் சண்டை நடக்கும். போடமாட்டேன். என் பெரியம்மா மகனின் முகம் என் கண்ணெதிரே காணாமல் போனது அந்தத் தட்டில்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் அல்சூர் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் எனக்கு இருட்டறை வேலை. மெயின் ரோட்டில் கலர் லேப்கள் வந்துவிட்டிருந்தாலும், சுவரில் மாட்டுகிற பெரிய படத்துக்கு எங்களிடம்தான் வருவார்கள். தாளில் படத்தை எழுப்புகிற டெவலப்பரிலேயே நாங்கள் இரண்டு வகை வைத்திருந்தோம். ஒன்று நீலம் பாய்ந்த கறுப்பைத் தரும், இன்னொன்று காப்பிப்பொடி கலந்தாற்போல் கொஞ்சம் சூடான கறுப்பைத் தரும். கல்யாணப் பெண்ணுக்கு இது, மீசைக்காரருக்கு அது என்று முகம் பார்த்துக் கலப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஆனால் எழுந்த படத்தின் நிறத்தை மாற்றுகிற டோனர் விஷயத்தில் என் இஷ்டம் செல்லாது. "இருக்கறவங்களுக்குக் கருப்பு, போனவங்களுக்கு செபியா. அவ்ளோதான், பிடு" என்பார் கன்னடக்கார முதலாளி. செபியாப் பழுப்பு, மாலைக்கும் சீரியல் பல்புக்கும் நடுவே எத்தனை வருஷம் தொங்கினாலும் மங்காது. ஸ்டுடியோவை ஒட்டிய ஜோகுபாளையத்தில் எந்த வீட்டுக்குள் போனாலும் சுவரில் உள்ள நிறத்தை வைத்தே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பெரியம்மா வீடும் அங்கேதான். அவளுடைய ஒரே மகன் எனக்கு அண்ணன். ஓசூரில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு நாள் காலையில் கிளம்பினான். ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்ததை ஒருவர் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு பார்த்ததாகச் சொல்ல யாருமில்லை. வீட்டில் சண்டையில்லை, வெளியில் வம்பில்லை. பெரியப்பா பீன்யா ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பிணவறை என்று அலைந்தார். ஆளும் கிடைக்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. சில வருஷம் பொறுத்த சொந்தக்காரர்கள், காரியத்தைப் பண்ணி முடித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தார்கள். அலைந்து ஓய்ந்திருந்த பெரியப்பா, படம் மாட்டுவதற்கென்று சுவரில் ஆணி அடித்தார். பெரியம்மா அந்த ஆணியில் காய்கறிப் பையை மாட்டினாள்.

எத்தனை நாள்தான் ஒருத்தி ஊரோடு மல்லுக்கட்டுவாள்? கடைசியில் சரி என்றாள். படம் கழுவும்போது தானும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அது நான் எடுத்த படம். ஸ்டுடியோ விளக்கைச் சரிபார்க்க அவனை ஸ்டூலில் உட்கார வைத்து எடுத்தது. "சீக்கிரம் எடுடி, கழுத்து வலிக்குது" என்று சொல்லிவிட்டுச் சிரித்திருந்தான். முதலில் அதைக் கறுப்பிலேயே பெரிதாக எடுத்து வைத்துக்கொண்டேன். இனி பழுப்பாக்க வேண்டும். அந்த வேலைக்கு இருட்டு தேவையில்லை, ஜன்னலோரத்திலேயே செய்யலாம். முதல் மருந்து படத்தை வெளுத்துவிடும், இரண்டாவது மருந்தில் போட்டால் பழுப்பாக எழும் என்று பெரியம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். ஆனால் காதால் கேட்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு.

முதல் மருந்தை ஊற்றிய தட்டில் தாளை அமிழ்த்தினேன். வெளிறிய இடங்கள்தான் முதலில் போகும். நெற்றி போனது, கன்னம் போனது, சிரிப்பு போனது. தலைமுடியும் புருவமும் மட்டும் கொஞ்ச நேரம் தண்ணீரில் நின்றன. எத்தனையோ முகங்களை வெளுத்தவள் நான், அன்றைக்கு எனக்கே பயமாக இருந்தது. பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"நிறுத்துடி."

"அடுத்த மருந்துல போட்டா வந்துரும் பெரியம்மா. பழுப்பா வரும்."

"கருப்பா வராதா?"

"வரும். பழைய டெவலப்பர்லயே திரும்பப் போட்டா கருப்பாவும் வரும்."

தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ ரெண்டும் வேணாம். எனக்குத் தெரியாதத நீ எப்படி முடிவு பண்ணுவ? இப்படியே குடு."

அலசிக் காயவைத்து, கறுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். மஞ்சள் நிழல் மாதிரி ஒரு தோள் தெரிந்தது, முகமென்று எதுவும் இல்லை. அதைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். நெகட்டிவ் என்னிடம்தான் இருந்தது. பெரியப்பா கேட்டிருந்தால் அன்று சாயங்காலமே இன்னொரு படம் எடுத்துக் கொடுத்திருப்பேன். அவர் கேட்கவே இல்லை. நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பெரியம்மா காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே, "மருந்து இருக்குல்ல?" என்பாள். இருக்கிறது என்பேன். உண்மையில் வெளுத்த தாள் எத்தனை காலம் அப்படிக் காத்திருக்கும் என்று எனக்கே தெரியாது. அதன் பிறகு வேறு யாருடைய படத்தை வெளுத்தாலும், அந்தக் கடைசிப் புருவங்கள் அண்ணனுடையதாகவே தெரிந்தன. தட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வேலை செய்யப் பழகினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஒரு மழைக்காலத்தில் பெரியம்மா காய்ச்சலில் போய்விட்டாள். காரியம் முடிந்ததும் பெரியப்பா ஸ்டுடியோவுக்கு வந்தார். ஒரு கல்யாணத்தில் எடுத்த அவளுடைய படத்தை மேசையில் வைத்தார். பக்கத்தில் அந்தக் கறுப்புக் காகிதச் சுற்றையும் வைத்தார். இத்தனை வருஷம் ஆணியோடு காத்திருந்த மனிதர், இரண்டையும் சேர்த்து மாட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் பழுப்பு மருந்தை எடுத்தேன்.

"அது உங்க பெரியம்மாவுக்கு" என்றார். "இவனுக்குக் கருப்பு மருந்து ஊத்தும்மா. இப்ப நானும் அவனப் போனவன்னு சொல்லிட்டா, அவ காத்துக்கிட்டு இருந்ததெல்லாம் என்ன ஆகறது?"

தட்டில் டெவலப்பரை ஊற்றித் தாளை அமிழ்த்தினேன். கறை விழாமலிருக்கத் தட்டை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றும் எழவில்லை. கெட்டுப்போய்விட்டது, எப்படிச் சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே தட்டை அசைத்தேன். அப்புறம் தலைமுடி கறுத்தது, புருவம் வந்தது, கண் திறந்தது. கழுத்துவலிக்காரன் அதே சிரிப்போடு தண்ணீருக்குள்ளிருந்து எங்களைப் பார்த்தான்.

பெரியப்பா தட்டின்மேல் குனிந்தார்.

"எங்கடா போயிருந்த இவ்ளோ நாளு?" என்றார். "உங்கம்மா போயிட்டாடா."

நான் தட்டை நிறுத்தவில்லை. இப்போதும் பரணில் அந்தத் தட்டைக் கண்டால் என் கை தானாக அசைகிறது.