முப்பது தலைகளும் ஒரு சிக்னலும்

திருவரங்குளத்தில் அக்கா நடத்தும் ஃப்ளெக்ஸ் கடைக்கு டிசைன் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்த மகாபாவி நான்தான். காசு கொடுத்து வாங்குவானேன், லினக்ஸில் நானே எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கோயில் திருவிழா பேனர் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். இதுவும் சொதப்பினால் கடையை மூடிவிடு என்று குவைத்திலிருந்து அத்தான் கறாராகச் சொல்லியிருந்தார். பேனரில் சாமி ஓரமாக இருந்தால் போதும். ஊர்ப் பெரியவர்கள் முப்பது பேர் தலையும் வரிசை பிசகாமல் இருக்க வேண்டும். யார் தலை பெரிது என்று பஞ்சாயத்தே நடந்தது. அக்கா ஒவ்வொரு தலையாகப் பெருக்கி, சுருக்கி, ஒருவழியாக எல்லோரையும் சமாதானப்படுத்தியிருந்தாள்.

அப்போது கரண்ட் போனது. அதற்கெல்லாம் நான் முன்னேற்பாடு செய்திருந்தேன். யுபிஎஸ் தீரும் நேரத்தில் லினக்ஸ் எல்லா புரோகிராமுக்கும் ‘முடித்துக்கொள்’ என்று ஒரு சிக்னல் அனுப்பும். சிக்னல் வந்த கணமே ‘சேமிக்கிறேன்’ என்று திரையில் ஒரு பெட்டியைக் காட்டி, டிசைனைச் சேமிக்கும்படி எழுதியிருந்தேன். பெரிய கெட்டிக்காரன்! சிக்னல் வந்தது, திரை அப்படியே விறைத்தது, யுபிஎஸ் செத்தது. முப்பது தலையும் போச்சு.

"வெளங்குனாப்புலதான்டா. ஒன் புரோகிராமத் தூக்கிக் குப்பையில போடு" என்றாள் அக்கா. கண் கலங்கியிருந்தது. வெட்கத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை அவள் முதல் தலையிலிருந்து மறுபடி ஆரம்பித்தபோது, கடை வாசலில் ஒரு பைக் நின்றது. தூரத்துச் சொந்தக்காரர்.

"மணமேல்குடிப் பெரியம்மா தவறிட்டாங்க. சாயங்காலம் எடுக்குறாங்க."

பைக்கை விட்டு இறங்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, ‘வாரேன்’ என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டார். எங்கள் பக்கம் கேதம் சொல்ல வருகிறவர் அப்படித்தான், வாசலோடு சரி. அக்கா கையில் இருந்த தலையை அதன் இடத்தில் வைத்துவிட்டு, அப்புறம்தான் "ஐயோ, பெரியம்மா!" என்று உட்கார்ந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் எழுதி வைத்திருந்தது என்ன? கேதம் சொல்ல வந்தவன் நேரே அடுப்பங்கரைக்குள் புகுந்து கரண்டியைப் பிடுங்கிய கதை. புரோகிராம் ஒரு தலையைப் பாதி வரைந்துகொண்டிருக்கும்போது சிக்னல் குறுக்கே விழும். அங்கேயே நின்று இன்னொரு பெட்டி வரை என்றால், அந்தப் பாதித் தலை முடியட்டும் என்று பெட்டி காத்திருக்கும். பெட்டி நகரட்டும் என்று தலை காத்திருக்கும். விடிய விடியக் காத்திருக்கலாம்.

மாற்றி எழுதினேன். சிக்னலை வாங்குகிற பகுதி இனி ‘சேதி வந்திருக்கிறது’ என்பதற்கு அடையாளமாக ஒரே ஒரு பைட்டை, புரோகிராம் எட்டிப் பார்க்கும் ‘பைப்’ என்கிற தகவல் குழாயில் போட்டுவிட்டு நடையைக் கட்டும். கையிலுள்ள வேலையை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று பார்க்கும்போது புரோகிராம் அதைக் கண்டு, தானே சேமித்துத் தானே மூடிக்கொள்ளும். பெட்டியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

கேதத்துக்குப் போய்த் திரும்பிய அக்கா கடைசித் தலையை வைத்தபோது மறுபடி கரண்ட் போனது. யுபிஎஸ் கத்தியது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! புரோகிராம் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. கரண்ட் வந்ததும் திறந்தோம். முப்பது தலையும் இருந்தன, பெரியது பெரியதாக, சின்னது சின்னதாக.

அக்கா நேரே குவைத்துக்குப் போன் போட்டாள்.

"கடைய மூடச் சொன்னீங்கல்ல? லீவுக்கு வாங்க, வரவேற்பு ஃப்ளெக்ஸ் நானே அடிக்கிறேன். ஒங்க தலைய மட்டும் ஓரமா, சின்னதா வச்சுக்கிறேன்."